கறுப்புப் புகைக்கு வைத்தியம்: மும்பையின் டீசல் பட்டறைகளும் சட்டமும்

1999ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பொதுநல வழக்கில், மனுதாரரின் பெயரே வழக்கின் சாரத்தைச் சொல்லிவிட்டது: 'புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் மன்றம்'. எதிர்த்தரப்பில் பெருநகர மும்பை மாநகராட்சி. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் மாநிலப் போக்குவரத்து ஆணையர் வி. எம். லால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பையின் பழைய டாக்சிகள் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாறின. டீசலில் கந்தகம் குறைந்தது. வண்டிகளின் வயதுக்கு வரம்பு வந்தது. இந்திய நகரச் சூழலியல் வரலாற்றை எழுதுவோர் இவ்வழக்கைத் தில்லியின் எம். சி. மேத்தா வழக்கோடு சேர்த்துக் குறிப்பிடுவது வழக்கம்.

ஆனால் அந்த வரலாறுகளில் ஒரு தரப்பினர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. டீசல் வண்டி ஏன் புகைகிறது என்பதை நீதிமன்றத்துக்கும் ஆணையத்துக்கும் பல பத்தாண்டுகள் முன்பே அறிந்திருந்தவர்கள், அதைச் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் சரிசெய்து வந்தவர்கள், பம்ப் நாசில் பட்டறைக்காரர்கள். அவர்களது தொழிலை எந்தச் சட்டமும் மாசுக் கட்டுப்பாடு என்று கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. இந்த விடுபடல் இன்று, பத்துப் பதினைந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய லாரியின் புகைப்போக்கி அமைப்பு பழுதாகி நிற்கும் சிறு உரிமையாளரின் தலையில் எப்படி வந்து விடிந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் இடம். மும்பைத் துறைமுகத்திலிருந்து நாசிக்குக்கோ பூனாவுக்கோ செல்லும் சரக்கு, தீவின் வடகிழக்கு மூலையில் ஒரு குறுகிய கழுத்தைக் கடந்தாக வேண்டும். அக்கழுத்து சயான். அதன் தெற்கே மாட்டுங்கா, மேற்கே தாராவி, கிழக்கே செம்பூர். மூன்றும் தமிழர் வாழும் பகுதிகளாக அமைந்தது தற்செயல். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தாராவியில் குடியேறத் தொடங்கினர். அலுவலகப் பணிக்கு வந்தோர் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி அமர்ந்தனர். செம்பூரை அடுத்த டிராம்பேயில், 1976இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அப்புறப்படுத்தப்பட்டவர்களால் உருவான சீத்தா கேம்ப்பில் இன்றும் தமிழ் கேட்கும். மாகுலில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1965இல் உர ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலைகளோடு டேங்கர் லாரிகளும் வந்தன. வடாலாவில் லாரி முனையம் அமைந்தது, குர்லாவின் சி.எஸ்.டி. சாலை பழைய உதிரிபாகங்களின் சந்தையானது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் பெயர் தாங்கிய லாரிகளும் டேங்கர்களும் இவ்வழியில் வந்து போயின. புகையை உமிழ்ந்த வண்டியின் ஓட்டுநரும், அதைச் சாலையோரக் குடிசையில் சுவாசித்தவரும் ஒரே மாவட்டத்துக்காரராக இருந்திருக்கக்கூடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது செம்பூர் பெற்ற எண் 69.19. அந்த எண்ணில் ஆலைகளின் பங்கும் லாரிகளின் பங்கும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

டாட்டா நிறுவனம் டைம்லர்-பென்ஸ் கூட்டில் 1954இல் ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இவ்விரு நிறுவனங்களின் எஞ்சின்களுக்கும் இதயமாக அமைந்தது எரிபொருள் செலுத்தும் பம்ப். 1951இல் பெங்களூரில் தோன்றிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது 'மைக்கோ', இந்தப் பம்புகளைச் செய்து நாடெங்கும் பரப்பியது. மைக்கோ என்ற நான்கெழுத்துப் பலகை இல்லாத நெடுஞ்சாலை ஊர் அந்நாளில் இல்லை எனலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டில் எரிபொருளைப் பனித்துளிபோல் சிதறடித்துச் செலுத்தினால் தானே பற்றும். செலுத்துவது பம்பு, சிதறடிப்பது நாசில். துளி பெரிதாக இருந்தால் அதன் உட்பகுதி எரியாமல் கரியாகும். அதுவே கறுப்புப் புகை. பட்டறைக்காரர் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே புகையின் நிறத்தைக் கொண்டு நோயைக் கணித்தார். கறுப்பு என்றால் எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நீலம் கலந்த வெண்மை என்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்து மசகெண்ணெய் எரிகிறது. தொடக்கத்தில் எழுந்து சூடேறியபின் மறையும் வெண்புகை என்றால் எரியாத டீசல்.

வைத்தியத்துக்கும் ஒரு வரிசை இருந்தது. அது செலவின் வரிசையும்கூட. முதலில் காற்று வடிகட்டி. பழைய லாரிகளில் அது எண்ணெய்த் தொட்டி வகை. கழுவி எண்ணெய் மாற்றினால் போதும், காசு ஏறக்குறைய இல்லை. அடுத்தது நாசில். கழற்றிக் கைப்பம்பு பொருத்திய சோதனைக் கருவியில் மாட்டி அழுத்துவார்கள். ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அது 'கிர்' என்ற ஒலியோடு புகைபோல் தூவ வேண்டும். தாரையாக ஒழுகினால், சொட்டினால், ஊசியைத் தேய்த்துப் பொருத்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மெல்லிய தகடு ஒன்றைச் சேர்த்தோ நீக்கியோ திறக்கும் அழுத்தம் சரிசெய்யப்பட்டது. பின்பு டைமிங். அதன்பிறகே பம்ப்பைக் கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றுவது. மேடையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. ஆறு குழாய்களிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை அளவு திருத்தப்படும். வளையமும் லைனரும் மாற்றுவது கடைசி. உரிமையாளர் கடன் வாங்கும் கட்டம் அது. மேலிருந்து மூன்று படிகளிலேயே பெரும்பாலான வண்டிகளின் புகை அடங்கிவிடும். இந்தக் கல்வி எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததன்று. மாட்டுங்காவில் 1923 முதல் இயங்கும், முன்பு விக்டோரியா ஜூபிலி எனப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியின் சுவருக்கு வெளியே, எடுபிடியாகச் சேர்ந்த சிறுவன் ஐந்தாறு ஆண்டுகளில் காதாலும் கையாலும் கற்றுக்கொண்டது.

பம்ப்பின் ஆளுகைப் பகுதியில் ஒரு திருகு உண்டு. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அது தீர்மானிக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதற்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள். மும்பைப் புகையின் வரலாற்றில் பாதி அந்த முத்திரைக்குப் பின்னே இருக்கிறது. ஒன்பது டன் ஏற்ற வேண்டிய லாரியில் பதினைந்து டன் ஏற்றினால் காட் மலைப்பாதையில் வண்டி திணறும். ஏற்றாவிட்டால் வாடகை கட்டாது. எனவே உரிமையாளர் கேட்பார், பட்டறைக்காரர் முத்திரையை உடைத்துத் திருகைச் சற்றுத் தளர்த்துவார். கூடுதல் டீசல் போகும், இழுவை கிடைக்கும், காற்று போதாமல் கரும்புகை வரும். மிகைப்பாரத்துக்கு மாநிலங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி தந்த காலமும் இருந்தது. 2005 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் தடுத்தது. 2018இல் அச்சுப் பாரத்தின் வரம்பையே அரசு உயர்த்தியது. ஆகவே பட்டறைக்காரரைப் புனிதராக்க வேண்டியதில்லை. புகையைத் தணித்ததும் பெருக்கியதும் அதே கைதான். எதற்குக் கூலி கிடைத்ததோ அதைச் செய்தது.

சட்டம் இந்தத் திருகை எப்படிப் பார்த்தது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், டீசல் வண்டியின் புகையடர்த்தி 65 ஹார்ட்ரிஜ் அலகைத் தாண்டக்கூடாது என்றன. ஹார்ட்ரிஜ் என்பது யாருடைய பெயர் என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. டீசல் பம்புகளுக்கான சோதனை மேடைகளைச் செய்து உலகெங்கும் விற்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர் அது; அதே நிறுவனம்தான் புகைமானியையும் செய்தது. பட்டறையின் கருவிப் பெட்டியிலிருந்தே அளவுகோலை எடுத்துக்கொண்ட சட்டம், பட்டறையை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. சோதனைச் சான்றிதழ் இருந்தால் போதும். வண்டி பழுது பார்க்கப்பட்டதா, யாரால், எப்படி என்று எந்தத் தாளும் கேட்கவில்லை.

சோதனை முறையோ எளிதில் ஏமாறுவது. நின்ற நிலையில், கியர் இல்லாமல், ஆக்சிலேட்டரை அழுத்தி, எழும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பாரம் இல்லாத எஞ்சின் சொல்லும் சாட்சி அது. சோதனைக்குமுன் திருகை இறுக்கி, சான்று வாங்கியபின் தளர்த்திக்கொள்ளும் வழக்கம் விரைவிலேயே பரவியது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சாமர்த்தியமும் இல்லை. வளரும் நாடுகளின் நகரப் போக்குவரத்து மாசு பற்றி உலக வங்கியின் வல்லுநர்கள் 2004இல் எழுதிய நூல், சோதனைக்காகத் தற்காலிகமாகச் சரிசெய்யப்படும் வண்டிகளைப் பற்றிப் பேசுகிறது. பெருநகர மும்பையின் காற்றைப் பற்றி அதே வங்கி 1997இல் வெளியிட்ட அறிக்கையும் புகை கக்கும் வண்டிகளையும் டீசலின் தரத்தையும் முன்வைத்துப் பேசியது. நோயைச் சரியாகச் சொன்ன ஆவணங்கள் இல்லாமல் இல்லை.

டீசலின் தரம் என்று சொல்லும்போது கலப்படத்தைத் தாண்டிப் போக முடியாது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இருந்த விலை வேறுபாடு ஒரு பெருந்தொழிலையே வளர்த்தது. டீசல் பம்ப்பின் உலக்கைகளுக்குத் தனி மசகு கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அவற்றுக்கு மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் மசகுத் தன்மை குறைந்து பம்ப்பின் நுண்ணிய உலக்கைகள் தேயும். புகைக்காகப் பட்டறைக்கு வந்த வண்டியின் நோய் சில வேளைகளில் பங்க்கிலேயே தொடங்கியிருந்தது. சாயம் கலந்தார்கள், பிறகு வேதியியல் அடையாளப் பொருள் கலந்தார்கள், இரண்டும் நிலைக்கவில்லை. 2011 ஜனவரி 25 அன்று, மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கலப்படக் கும்பலைத் தடுக்க முற்பட்ட கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார். மன்மாட் எண்ணெய்க் கிடங்குகளின் ஊர். மும்பையிலிருந்து வடகிழக்கே விரியும் லாரிப் பாதைகள் அந்த வட்டாரத்தைத் தொட்டுச் செல்கின்றன.

மீண்டும் 1999 வழக்குக்கு வரலாம். அவ்வழக்கின் வழியே நகரம் கண்ட பெரிய மாற்றம் டாக்சிகளுக்கு நேர்ந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மலிவான டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்த பிரீமியர் பத்மினிகள் அந்நாளில் ஏராளம். அவற்றுக்கு ஒரு மாற்று இருந்தது. உரணிலிருந்து வரும் வாயுவை நகருக்குள் விநியோகிக்க மகாநகர் கேஸ் நிறுவனம் 1995இலேயே தொடங்கப்பட்டிருந்தது. டாக்சி நகரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டி; மாலையில் பங்க்குக்குத் திரும்பிவிடும். ஒரு கிட் பொருத்தினால் எரிபொருள் செலவும் குறைந்தது. எனவே கட்டாயமும் ஆதாயமும் ஒரே திசையில் இழுத்தன.

லாரிக்கு அந்த வழி இல்லை. குழாய் நகர எல்லையில் நின்றுவிடும், லாரி நிற்காது. இங்கேதான் இந்திய மாசு விதிகளின் ஒரு விசித்திரம் தலைகாட்டுகிறது. மும்பைக்கு 2001இல் பாரத் ஸ்டேஜ் இரண்டு, 2005இல் மூன்று, 2010இல் நான்கு என்று விதிகள் மற்ற ஊர்களுக்கு முன்பாகவே வந்தன. நகரத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு, பிறகு 350, பிறகு 50 என்று இறங்கியது. ஆனால் தேசிய அனுமதி பெற்ற லாரி, வெளியூரில் பதிவாகி, வெளியூர் டீசலை நிரப்பிக்கொண்டு சயான் வழியாகத் தாராளமாக உள்ளே வந்தது. 2010 முதல் 2017 வரை, பதின்மூன்று பெருநகரங்களிலும் பின்பு சேர்ந்த சில ஊர்களிலும் ஒரு டீசல், மற்ற இடங்களில் வேறு டீசல். நகர எல்லையில் கோடு போட்டுக் காற்றைத் தடுக்க முடியாது என்பது தாராவியில் குடியிருப்பவருக்குத் தெரியும். விதி எழுதியவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. சுத்திகரிப்பு ஆலைகளை ஒரே நாளில் மாற்றப் பணமில்லை என்பதே உண்மைக் காரணம். அந்த இடைவெளியில் பழைய லாரியின் புகையை உடனடியாகக் குறைக்கக்கூடிய ஒரே மலிவு வழியாக இருந்தது பழுதுபார்ப்பு. அதற்கு உதவித்தொகையோ, பட்டறைகளுக்குப் பயிற்சியும் அங்கீகாரமுமோ கொடுக்கும் திட்டம் பெரிய அளவில் வரவில்லை. அமெரிக்கா 2005இல் இயற்றிய டீசல் உமிழ்வுக் குறைப்புச் சட்டம் பழைய எஞ்சின்களை மேம்படுத்த அரசுப் பணம் ஒதுக்கியது. இங்கே விவாதம் புதிய வண்டி, புதிய எரிபொருள், வயது வரம்பு ஆகிய மூன்றையே சுற்றி வந்தது. மூன்றும் ஐந்துக்கும் குறைவான லாரி வைத்திருப்பவரால் எளிதில் எட்டக்கூடியவை அல்ல; இந்திய லாரித் தொழிலில் அப்படிப்பட்டவர்களே பெரும்பான்மை.

2017 மார்ச் 29 அன்று உச்சநீதிமன்றம், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் மூன்று வண்டிகளை நாடெங்கும் விற்கக்கூடாது என்று ஆணையிட்டது. தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்கள் கையில் அப்போது விற்காமல் இருந்தவை 8.24 லட்சம் வண்டிகள். அவற்றில் 96,000க்கு மேற்பட்டவை வணிக வண்டிகள். செய்தித்தாள்கள் மூன்று நாள் தள்ளுபடி விற்பனையைப் பற்றி எழுதின. அதனினும் கவனிக்கத்தக்க ஒன்று அதே காலத்தில் நடந்தது. நான்காம் நிலையை எட்டப் பல தயாரிப்பாளர்கள் யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் முறையைக் கனரக லாரிகளுக்குத் தேர்ந்தெடுத்தனர். சென்னையின் அசோக் லேலண்ட், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே செலுத்தும் வேறொரு முறையைக் கையாண்டு, பழைய வரிசைப் பம்ப்பையே தக்கவைத்துக்கொண்டது. வழக்கமான மெக்கானிக்கே பழுது பார்க்கலாம், யூரியா ஊற்ற வேண்டியதில்லை என்பதையே விளம்பரமாக்கியது. வணிகத் தந்திரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆயினும் பழுதுபார்க்கும் எளிமையை ஒரு மாசுக் கட்டுப்பாட்டு எஞ்சினின் வடிவமைப்புக் கொள்கையாக ஓர் இந்திய நிறுவனம் வெளிப்படையாகச் சொன்ன அரிய தருணம் அது. மூன்றே ஆண்டுகள் நீடித்தது. 2020 ஏப்ரலில், ஐந்தாம் நிலையைத் தாண்டி, நாடு நேரே ஆறாம் நிலைக்குப் போனது. டீசலில் கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. வரிசைப் பம்ப்பின் காலம் புதிய லாரிகளைப் பொறுத்தவரை முடிந்தது.

ஆறாம் நிலை லாரியின் வயிற்றுக்குக் கீழே இப்போது ஒரு சிறு வேதியியல் ஆலை தொங்குகிறது. முதலில் ஒரு வினையூக்கி; அடுத்து, டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டி; பின்பு யூரியாத் தெளிப்பான்; அதன்பின் நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் எஸ்சிஆர் வினையூக்கி. முன்னும் பின்னும் உணரிகள். டீசல் செலுத்தும் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போய்விட்டது. கைப்பம்பு வைத்த சோதனைக் கருவிக்கு அங்கே வேலை இல்லை. யூரியா தீர்ந்தாலோ அமைப்பு பழுதானாலோ கணினி எஞ்சினின் இழுவையைப் படிப்படியாகக் குறைத்துவிடும். முன்பு பழுதான வண்டி புகைந்துகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தது. இப்போது பழுதான வண்டி புகையாமல் வழியில் நிற்கிறது. ஊரார் நுரையீரலுக்கு இது நன்மை. 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உறுதியாக வகைப்படுத்தியதை நினைத்தால், இந்தக் கருவிகளின் தேவையை மறுக்க வழியில்லை. கேள்வி, பழுதாகும்போது செலவு யாருடையது என்பது.

இங்கும் செலவின் ஒரு வரிசை உண்டு. பட்டறைகள் அதை மெல்லக் கற்று வருகின்றன. தெளிப்பான் முனையில் வெண்படிகம் கட்டி அடைத்துக்கொள்வது அடிக்கடி நேரும் கோளாறு. யூரியா நீரில் கரையும் பொருளாதலால் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினாலே பல முனைகள் மீளும். தொட்டியில் இருக்கும் கரைசல் 32.5 விழுக்காடு யூரியாவும் மற்றவை கனிமம் நீக்கிய நீருமாக இருக்க வேண்டும். கையடக்கமான ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு விட்டால் செறிவு தெரிந்துவிடும். வயலுக்கு வாங்கிய யூரியாவைக் குழாய் நீரில் கரைத்து ஊற்றியவர்கள், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கை வினையூக்கிக்குக் கொடுத்திருக்கிறார்கள். உணரி போய்விட்டது என்று கணினி சொல்லும் பல வேளைகளில் அறுந்திருப்பது வெறும் ஒயர். எலி கடித்ததாகவும் இருக்கும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் நின்ற இடத்திலேயே சூடேற்றிக் கரியை எரிக்கும் முறை உண்டு. அதற்குக் கணினிக் கருவி வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால், கழற்றிச் சூளையில் சுட்டுக் காற்றால் ஊதிச் சாம்பலை வெளியேற்றுவார்கள். புதிய வடிகட்டி வாங்குவது கடைசிப் படி.

வடிகட்டி ஏன் அடைகிறது என்று கேட்டால் பழைய பட்டறைக்காரரின் அறிவு திரும்பவும் வந்து நிற்கிறது. ஒழுகும் நாசில், கசியும் டர்போக் குழாய், அழுக்கேறிய காற்று வடிகட்டி, சாம்பல் மிகுந்த மலிவு எஞ்சின் ஆயில்: இவையே முதற்காரணங்கள். டிபிஎஃப் நோயுறுவது குறைவு. மேலே உள்ள நோயை அது காட்டிக்கொடுக்கிறது. அதோடு நகரத்தின் தன்மையும் சேர்கிறது. வடிகட்டியில் சேரும் கரி தானே எரிய வேண்டுமானால் புகை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். துறைமுக வாயிலில் மணிக்கணக்கில் நின்று, சயானில் ஊர்ந்து, மாகுலில் வரிசையில் காத்திருக்கும் டேங்கருக்கு அந்த வெப்பம் எளிதில் கிட்டுவதில்லை. சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் அதே வகை வண்டிக்கு வராத கோளாறு செம்பூரில் ஓடும் வண்டிக்கு வருவதன் காரணம் இதுதான்.

மலிவான பழுதுபார்ப்புக்கு வழியில்லாத இடத்தில் மலிவான ஏமாற்று வந்து அமர்கிறது. யூரியா தெளிக்கப்படுவதாகக் கணினியை நம்பவைக்கும் சிறு பெட்டிகள் உலகெங்கும் விற்கின்றன, இந்தியாவிலும் கிடைக்கின்றன. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இக்கருவிகள் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. தனியார் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையிலேயே மென்பொருள் மூலம் செய்து 2015இல் அம்பலமானதும் இதுதான், சுமார் 1.1 கோடி வண்டிகளில். இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. எனினும் சான்றிதழ் மையத்தின் கருவி டீசல் வண்டியில் இன்றும் அளப்பது புகையின் அடர்த்தியைத்தான். நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்தக் கண்ணுக்குப் படுவதில்லை. யூரியாவை நிறுத்திவிட்ட லாரி, சட்டப்படி தூய்மையான லாரி என்ற சான்றோடு தாராவியைக் கடக்க முடியும். 1989இல் ஈய முத்திரைக்குப் பின்னால் இருந்த திருகு, இன்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியாக உருமாறியிருக்கிறது.

யூரியாவின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஏறக்குறைய முற்றிலும் சீனாவையே நம்பியிருந்த தென்கொரியாவில் லாரிகள் நிற்கும் நிலை வந்தது. அந்நாடு ஆஸ்திரேலியாவுக்கு இராணுவ விமானம் அனுப்பி 27,000 லிட்டர் கரைசலைக் கொண்டுவந்தது. செம்பூரில் 1965இல் எழுந்த உர ஆலை, 1978இல் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் பகுதியானது. யூரியா அந்நிறுவனத்தின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. அரை நூற்றாண்டாக இப்பகுதியின் காற்றைப் பற்றிய புகார்களில் இடம்பெற்ற ஆலையின் தொழில், லாரிப் புகையின் மருந்தாகவும் மாறியிருக்கிறது.

2022இல் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. டிசம்பர் இறுதியில் ஓர் இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் அடங்கும். உற்பத்தியாளர்கள் கையேடுகளையும் உதிரிபாக விவரங்களையும் பொதுவில் வைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அது சட்டமாகவில்லை. வடிகட்டியைச் சூடேற்றும் கட்டளையை அனுப்பும் கணினிக் கருவியும் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை, குர்லாவிலோ நாமக்கல்லிலோ உள்ள தனிப் பட்டறைக்குக் கையேடு மட்டும் கிடைத்துப் பயன் சிறிதே.

2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் மீண்டும் மும்பையின் காற்றைக் கையிலெடுத்தது. டீசல், பெட்ரோல் வண்டிகளை நகரிலிருந்து படிப்படியாக விலக்க முடியுமா என்ற கேள்வியை எழுப்பியது. மாநில அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. லால் குழுவுக்குப் பின் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. இதற்கிடையே, 2020இல் பெருநிறுவனங்கள் வாங்கிய முதல் ஆறாம் நிலை லாரிகளின் உத்தரவாதக் காலம் முடிந்து, அவை ஒன்றொன்றாக இரண்டாம் கை விலைக்கு ஒற்றை லாரி உரிமையாளர்களிடம் வந்துகொண்டிருக்கின்றன.